வெண்ணுரைத் தீவு எல்ஃப்கள்: உச்சியும் துறையும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெண்ணுரை என்பது என் கதைகளுக்காக நான் கட்டிய கற்பனைத் தீவு நாடு. நடுவில் ஒரே ஒரு மலை, அதைச் சுற்றி ஒடுங்கிய கரை, அவ்வளவுதான் நிலம். அங்கே வாழ்பவர்கள் எல்ஃப்கள்: கூர்த்த காதும், ஆயிரம் ஆண்டுகளைத் தாண்டும் ஆயுளும் கொண்டவர்கள். மலைமேல் இருப்பவர்கள் உச்சியார். கரையில் இருப்பவர்கள் துறைமக்கள். கதைகளைப் படித்தவர்களும், இதே மாதிரி ஒரு நாட்டைத் தாங்களும் கட்டிப் பார்க்க நினைப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். எது என் கற்பனை, எது நிஜ வரலாற்றிலிருந்து வாங்கியது என்பதை அங்கங்கே சொல்லிவிடுகிறேன்.

இந்தப் பிரிவு எதனால் வந்தது?

தண்ணீரால் வந்தது. மலையுச்சியில்தான் ஊற்றுகள் இருக்கின்றன. கரையில் எங்கே தோண்டினாலும் உப்புக் கரிக்கும். உச்சியாரின் கப்பல்கள் வந்தபோது துறைமக்கள் அங்கே ஏற்கெனவே இருந்தார்கள். பெரிய போர் எதுவும் நடக்கவில்லை. வந்தவர்கள் நேரே மேலே ஏறி ஊற்றுகளைச் சுற்றிச் சுவர் எழுப்பினார்கள். ஒரு வறண்ட கோடை முடிவதற்குள் யார் யாருக்குக் கட்டுப்பட்டவர் என்பது முடிவாகிவிட்டது.

இதற்கு எனக்கு வழி காட்டியது ஹவாய்த் தீவுகள், ஆனால் நேர் எதிர்த் திசையில். ஹவாயில் பழைய நிலப் பிரிவுக்கு 'அஹுபுவா' என்று பெயர். பெரும்பாலும் மலைமுகட்டில் தொடங்கிக் கடல்வரை இறங்கும் நீளத் துண்டு அது. அதனால் ஒவ்வொரு துண்டிலும் காட்டு மரம், ஓடைத் தண்ணீர், கிழங்கு வயல், மீன் எல்லாமே இருக்கும். தலைவர்கள் தலைவர்களாகத்தான் இருந்தார்கள், குடிகள் குடிகளாகத்தான் இருந்தார்கள். ஆனாலும் மலையும் கடலும் ஒரே சமூகத்தின் கையில் இருந்தன. நான் தீவைக் குறுக்கே வெட்டிப் பார்த்தேன். மேல் பாதி ஒருவருக்கு, கீழ் பாதி இன்னொருவருக்கு. அந்த ஒரு வெட்டிலேயே மீதிக் கதை முழுக்கக் கிளம்பி வந்துவிட்டது. உங்கள் நாட்டுக்கு வரைபடம் போடுகிறீர்கள் என்றால், எல்லைக் கோடுகளுக்கு முன்னால் தண்ணீர் எங்கே பிறக்கிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

'ஈரக்காலர்' என்பது வசைச்சொல்லா?

ஆமாம். துறைமக்களை உச்சியார் சொல்வது அது. துறைமக்கள் தங்களுக்குள் ஒருபோதும் அப்படிச் சொல்லிக்கொள்ள மாட்டார்கள். கதையில் எந்தப் பாத்திரத்தின் வாயில் அந்தச் சொல் வருகிறதோ, அவர் எந்த உயரத்தில் பிறந்தவர் என்று வாசகருக்குத் தெரிந்துவிடும்.

தொட்டிக்கல் என்றால் என்ன?

துறையிலிருந்து உச்சிக்குப் போகும் படிக்கட்டின் பாதியில் ஒரு கல்தொட்டி இருக்கிறது. துறைமக்களில் யாராக இருந்தாலும் அதில் இறங்கி நின்று காலில் உள்ள உப்பைக் கழுவிக்கொண்டுதான் மேலே ஏற வேண்டும். தொட்டியின் அடிக்கல்லில் இரண்டு பள்ளங்கள் விழுந்திருக்கின்றன. இடது பள்ளம் வலதைவிட ஆழம்.

மனிதர்கள் வாழும் ஊரில் ஒரு கல் அப்படித் தேய்ந்திருந்தால் எத்தனையோ தலைமுறைகளின் கால்கள் அதைத் தேய்த்தன என்போம். வெண்ணுரையில் அது ஒரே ஒருத்தியின் கால்கள். சாம்பல் கூடையை இடது இடுப்பில் வைத்துச் சுமப்பவள், அதனால் பாரம் முழுவதும் இடது காலில் இறங்குகிறது. அறுநூறு ஆண்டுகளாக, நாள் தவறாமல் அவள் அதில் நின்று கழுவியிருக்கிறாள். அந்தத் தொட்டியை வெட்டி வைக்கச் சொன்ன பெரியவரும் உயிரோடுதான் இருக்கிறார். அவர் வீட்டுச் சன்னலில் இருந்து பார்த்தால் தொட்டி தெரியும்.

இந்த நாட்டைப் பற்றி நான் எழுதிய முதல் பத்தியே இதுதான். மலை, ஊற்று, கப்பல் எல்லாம் அதற்கு அப்புறம் வந்தவை.

இவ்வளவு காலம் வாழ்பவர்களுக்கு ஞானம் வந்திருக்க வேண்டாமா? ஏற்றத்தாழ்வு எப்படி நிலைக்கிறது?

அதிகம் பேர் கேட்டது இதைத்தான். என்னை இந்த நாட்டுக்குள் இழுத்துப் போட்டதும் இதுதான்.

மனித வரலாற்றில் பல கதவுகளைத் திறந்துவிட்டது சாவு. ஹவாயையே எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே 'கப்பு' என்ற விலக்கு முறை இருந்தது. ஆண்களும் பெண்களும் சேர்ந்து உண்ணக் கூடாது. பன்றி இறைச்சி, தேங்காய், வாழைப்பழத்தில் பல வகைகள் எல்லாம் பெண்களுக்கு விலக்கு. உயர்ந்த தலைவர்களின் முன் குடிகள் நெடுஞ்சாண் கிடையாக விழ வேண்டும். தலைவரின் மேல் நிழல் பட்டால்கூட மரண தண்டனை வரை போகும். தீவுகளை ஒன்றாக்கிய முதலாம் கமேஹமேஹா மன்னர் உயிரோடு இருந்தவரை இந்த விலக்குகளை யாராலும் அசைக்க முடியவில்லை. 1819 மே மாதம் அவர் இறந்தார். அதே ஆண்டு நவம்பரில் அவருடைய மகன் லிஹோலிஹோ பெண்களின் பந்தியில் போய் உட்கார்ந்து, எல்லோர் கண் முன்னும் சாப்பிட்டார். கமேஹமேஹாவின் மனைவியரில் ஒருவரான கஅஹுமனு பின்னால் நின்று அழுத்தம் கொடுத்தார். நூற்றாண்டுகளாக நின்ற முறை ஒரு சாப்பாட்டில் உடைந்தது.

இப்போது கமேஹமேஹா சாகவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். லிஹோலிஹோ எப்போது அந்தப் பந்தியில் உட்காருவார்?

அதுதான் வெண்ணுரை. ஊற்றைச் சுற்றிச் சுவர் கட்டியவர் இன்னும் சபையில் உட்கார்ந்திருக்கிறார். "என் பாட்டன் செய்தது, நான் என்ன செய்ய" என்று சொல்ல அங்கே ஆளில்லை. எடுத்தவர் அவரேதான். பறிகொடுத்தவளும் கீழே உயிரோடுதான் இருக்கிறாள், அந்த ஊற்றின் சுவை அவள் நாக்கில் இருக்கிறது. ஒருவரை ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிடும் அளவுக்குத் தெரியும்.

ஞானம் வரத்தான் செய்கிறது. உச்சியார் அருமையான கவிதை எழுதுகிறார்கள், வானத்தைக் கணிக்கிறார்கள், ஒரு மரத்தை முந்நூறு ஆண்டு பொறுமையாக வளைத்துப் பாலம் ஆக்குகிறார்கள். ஆனால் ஒரு தப்பை ஆயிரம் ஆண்டு நியாயப்படுத்திப் பழகிய மனசு அதில் கெட்டிப்பட்டுப் போகிறது. மனிதர்களுக்கு அறுபது எழுபது ஆண்டில் அந்தப் பழக்கத்திலிருந்து விடுதலை கிடைத்துவிடுகிறது. இவர்களுக்கு அது கிடைப்பதில்லை.

துறைமக்கள் என்ன தொழில் செய்கிறார்கள்?

கடற்பாசி எரிக்கிறார்கள். கரையோரப் பாறைகளில் வளரும் பெரிய பழுப்புப் பாசியை அறுத்து, காயப்போட்டு, குழியில் எரித்தால் காரம் (அல்கலி) மிகுந்த சாம்பல் கட்டி கிடைக்கும். அது கண்ணாடி உருக்கப் பயன்படும். உச்சியார் உருக்கும் கண்ணாடிதான் நாட்டின் ஏற்றுமதி. துறைமக்கள் பாசிச் சாம்பலைக் கொடுத்துக் குடிதண்ணீர் வாங்குகிறார்கள்.

இதை நான் கற்பனை செய்யவில்லை. ஸ்காட்லாந்தின் ஹெப்ரிடீஸ், ஆர்க்னி தீவுகளில் 18ஆம் நூற்றாண்டில் தொடங்கி இதே தொழில்தான் பெரிதாக நடந்தது. அந்தச் சாம்பல் கண்ணாடிக்கும் சோப்புக்கும் போனது. நெப்போலியன் போர்களின்போது வெளிநாட்டுக் காரம் வருவது தடைப்பட்டதால் விலை எகிறியது. லாபம் நிலக்கிழார்களுக்கு. குளிர்நீரில் நின்று அறுத்தவர்களுக்குக் கூலி சொற்பம், அதுவும் வாடகையாகத் திரும்பிப் போய்விடும். ஆட்கள் தேவை என்பதால் குடிகளின் நிலத்தைச் சின்னச் சின்னத் துண்டாக்கி, உழவை மட்டும் நம்பிப் பிழைக்க முடியாதபடி ஆக்கினார்கள். ஜனங்கள் கப்பலேறிப் போய்விடக் கூடாது என்பதற்காக, பயணக் கட்டணத்தை ஏற்றிவிட்ட 1803ஆம் ஆண்டுப் பயணிகள் கப்பல் சட்டத்துக்கு அந்த நிலக்கிழார்கள் ஆதரவு திரட்டினார்கள். போர் முடிந்து வெளிநாட்டுச் சரக்கு மலிவாக வர ஆரம்பித்ததும் பாசித் தொழில் படுத்துவிட்டது. போகவிடாமல் பிடித்து வைத்த அதே ஜனங்களை இப்போது வேண்டாத சுமை என்று சொல்லி, ஆடு மேய்க்க நிலம் வேண்டும் என்று வெளியேற்றினார்கள். குடிகளை எளிதில் வெளியேற்ற முடியாதபடி காப்புக் கொடுத்த சட்டம் வர 1886 வரை ஆனது.

இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. போகவும் விடமாட்டேன், இருக்கவும் விடமாட்டேன் என்ற இந்த இரண்டு கட்டங்களும் ஒரே மனிதரின் வாழ்நாளுக்குள் நடந்திருக்கின்றன. வெண்ணுரையில் நான் முதல் கட்டத்தை எழுதி முடித்துவிட்டேன். மறுகரையில் கண்ணாடிக்கு வேறு வழி கண்டுபிடித்துவிட்டார்கள் என்ற செய்தியோடு ஒரு கப்பல் வருவதில்தான் இரண்டாம் கட்டம் தொடங்குகிறது.

இரு பக்கமும் பேசுவது ஒரே மொழியா?

ஒரே மொழிதான், இரண்டு அடுக்கு. உச்சியாரிடம் பேசும்போது துறைமக்கள் வேறு சொற்களைப் பயன்படுத்த வேண்டும். சாப்பிடுவது, தூங்குவது, வருவது, சாவது போன்ற அன்றாடச் சொற்களில்தான் இந்த வேறுபாடு அதிகம்.

ஜாவா மொழியில் இது இன்றும் உண்டு. சாப்பிடுவதற்குச் சாதாரணப் பேச்சில் 'மங்கான்', மரியாதைப் பேச்சில் 'நெதா', உயர்ந்தவர் உண்பதைக் குறிக்க 'தஹார்'. தான் உண்பதற்குத் 'தஹார்' என்ற சொல்லை யாரும் சொல்லிக்கொள்ள மாட்டார்கள். டோங்காவில் மன்னருக்கு ஒரு சொல்வரிசை, பிரபுக்களுக்கு ஒன்று, மற்றவர்களுக்கு ஒன்று என்று மூன்று அடுக்கு.

வெண்ணுரையில் நான் சேர்த்தது ஒன்று. 'நினைவு' என்பதற்கு உச்சியார் பேசும் அடுக்கில் சொல் இருக்கிறது, அவர்களிடம் துறைமக்கள் பேச வேண்டிய அடுக்கில் இல்லை. உச்சியாரிடம் பேசும் துறைவாசி "எனக்கு நினைவிருக்கிறது" என்று சொல்லவே முடியாது. "அப்படிக் கேள்விப்பட்டேன்" என்றுதான் சொல்ல வேண்டும், தன் கண்ணால் பார்த்ததாக இருந்தாலும்.

இரண்டுக்கும் நடுவில் யாருமே இல்லையா?

ஏட்டார் இருக்கிறார்கள். யார் உச்சியில் பிறந்தவர், யாருக்கு எத்தனை குடம் தண்ணீர் என்று ஏடு வைத்துக்கொள்பவர்கள். அவர்களும் துறைமக்களாகப் பிறந்தவர்கள்தான், ஆனால் ஏடு அவர்கள் கையில் இருக்கும்வரை தொட்டிக்கல்லில் இறங்க வேண்டியதில்லை.

ஏடு என்ற யோசனை வெனிஸிலிருந்து வந்தது. அங்கே 1297இல் பெருஞ்சபையின் கதவைப் புதியவர்களுக்கு ஏறத்தாழ மூடினார்கள். 1506லிருந்து பிரபுக்கள் வீட்டுப் பிறப்புகளையும், 1526லிருந்து திருமணங்களையும் பதிய ஆரம்பித்தார்கள். பொன் ஏடு என்று அழைக்கப்பட்ட பதிவு அது. ஏட்டில் பெயர் இருந்தால் கையில் காசு இல்லாவிட்டாலும் பிரபுதான். சான் பர்னபா பகுதியில் குடியிருந்த ஏழைப் பிரபுக்களுக்கு 'பர்னபோத்தி' என்றே பெயர். வாக்கு இருக்கும், சோற்றுக்கு வழி இருக்காது. ஆகவே வர்க்கமும் செல்வமும் எப்போதும் ஒட்டிக்கொண்டே இருக்கும் என்று எழுதிவிடாதீர்கள். என் கதைகளிலும் கிழிந்த பட்டு உடுத்திய உச்சியார் ஒருவர் வருகிறார். அவர் துறைக்குப் போய்க் கடன் கேட்கும் இடம் எழுதுவதற்கு எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

இதே வெனிஸ் 17ஆம் நூற்றாண்டில் கிரீட் தீவுக்காக நடந்த போரில் பணம் போதாமல், 1,00,000 டுகாட் கொடுத்த குடும்பங்களைப் பிரபுக்களாகச் சேர்த்துக்கொண்டது. பழைய குடும்பங்கள் சில வாரிசில்லாமல் அற்றுப்போய்க்கொண்டிருந்ததும் அதற்கு இடம் கொடுத்தது. பாருங்கள், அங்கேயும் சாவுதான் இடம் விட்டது. வெண்ணுரையின் ஏட்டில் பக்கங்கள் நிரம்பிவிட்டன, யார் பெயரையும் அடிக்க வேண்டி வரவில்லை.

துறைமக்கள் எல்லோரும் சமமா?

இல்லை. ஆனால் அங்கே வரிசை பிறப்பால் வருவதில்லை, மூச்சால் வருகிறது. கொரியாவின் ஜேஜு தீவில் காற்றுக் குப்பி இல்லாமல் கடலில் மூழ்கி அபலோன் என்ற சிப்பி, கடல் நத்தை எடுக்கும் பெண்கள் இருக்கிறார்கள். 'ஹேன்யோ' என்பது பெயர். திறமையைப் பொறுத்து அவர்களுக்குள் மூன்று நிலைகள்: ஹாகுன், ஜுங்குன், சாங்குன். கரையேறியதும் கல்வளைவுக்குள் நெருப்பு மூட்டிச் சுற்றி உட்கார்ந்து பேசி முடிவுகள் எடுப்பது அவர்களுடைய பழைய வழக்கம். அவர்களுடைய மரபை யுனெஸ்கோ 2016இல் பட்டியலில் சேர்த்தது. ஜேஜு பெண்களைப் பார்த்துத்தான் என் துறைக் கிழவிகளின் நெருப்பு வட்டத்தை எழுதினேன். உச்சியார் சபையில் ஒரு கேள்வியை நூறு ஆண்டு விவாதிப்பார்கள். நெருப்பு வட்டத்தில் உடம்பு காய்வதற்குள் முடிவு எடுத்தாக வேண்டும்.

உச்சியார் வெளுப்பு, துறைமக்கள் கறுப்பு என்று வைத்துக்கொள்ளலாமா?

வேண்டாம். 13ஆம் நூற்றாண்டில் ஐஸ்லாந்தின் ஸ்னோரி ஸ்துர்லுசோன் எழுதி வைத்ததில், ஒளி எல்ஃப்கள் சூரியனைவிட அழகானவர்கள், இருள் எல்ஃப்கள் கீலைவிடக் கறுத்து மண்ணுக்கடியில் வாழ்பவர்கள் என்று வருகிறது. பின்னால் வந்த கற்பனை உலகங்கள் பலவற்றில் அது நிறத்தையும் குணத்தையும் ஒன்றாக முடிச்சுப் போடுவதில் போய் முடிந்தது. என் நாட்டில் இரு பக்கத்தாரும் பார்க்க ஒன்றுபோல்தான் இருப்பார்கள். அதனால்தான் உச்சியாருக்குத் தொட்டிக்கல் தேவைப்படுகிறது. காலில் உப்பு இல்லாவிட்டால் யார் யாரென்று அவர்களுக்கே தெரியாது.

உடை, விழா, உணவு?

உச்சியில் சாயம், துறையில் சாயமில்லை. இன்றைய ஒகினாவாவில் இருந்த ரியூக்யூ அரசில் அதிகாரிகளின் தலைப்பாகை நிறத்தைப் பார்த்தே பதவியைச் சொல்லிவிடலாம் என்பதை மனதில் வைத்து எழுதியது. விழா ஒன்றே ஒன்றுதான் பொது: ஆண்டின் முதல் மழை. அன்று தண்ணீர் வானத்திலிருந்து வருவதால் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

துறைமக்கள் ஏன் எதிர்த்து எழவில்லை?

எழுந்திருக்கிறார்கள். ஆனால் சண்டை தொடங்கிய அன்றே மேலே மடையை மூடிவிடலாம். மூன்று நாளில் முதலில் தவிப்பவர்கள் குழந்தைகள். எல்ஃப்களுக்குக் குழந்தைகள் மிக அரிது என்பதால், ஒரு குழந்தையின் நா வறண்டாலே துறை முழுதும் பணிந்துவிடும்.

இன்னொன்றும் உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் நேர்மையாகாது. நீண்ட ஆயுள் துறைமக்களையும் பொறுக்கப் பழக்கிவிட்டது. "இன்னொரு நூறு ஆண்டு பார்ப்போம்" என்பது அங்கே சாதாரணப் பேச்சு. அதைக் கோழைத்தனமாக எழுத எனக்கு மனம் வரவில்லை. இழப்பதற்கு எட்டு நூற்றாண்டு மிச்சம் இருக்கும் ஒருவர் உயிரைப் பணயம் வைப்பது வேறு கணக்கு.

உச்சியாரில் நல்லவர்களே கிடையாதா?

நிறையப் பேர் உண்டு. குடத்தின் அளவைக் கூட்டிக் கொடுத்தவர்கள், துறைக் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவர்கள் எல்லாம் வருகிறார்கள். சுவரை இடிக்கலாம் என்று சபையில் சொன்னவர் மட்டும் இதுவரை ஒருவர்கூட இல்லை.

நிலமும் தண்ணீரும் திரும்பக் கிடைக்குமா? கதை அங்கே போகிறதா?

போகிறது. எப்படிப் போகக் கூடாது என்பதை ஹவாய் சொல்லிக் கொடுத்தது. 1848இல் நிலத்தை மன்னர், தலைவர்கள், அரசு என்று பங்கு பிரித்தார்கள். 1850இல் குடிகளும் தாங்கள் உழும் நிலத்துக்கு உரிமை கோரலாம் என்று சட்டம் வந்தது. மனுப் போட வேண்டும், சாட்சி வேண்டும், அளந்து கொடுக்கச் செலவு வேண்டும். கடைசியில் குடிகளுக்குக் கிடைத்தது மொத்த நிலத்தில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. உரிமை காகிதத்தில் வந்தது, நிலம் வேறு கைகளுக்குப் போனது.

மனதுக்குத் தெம்பு கொடுத்தது ஸ்காட்லாந்தின் எய்க் தீவு. உரிமையாளர்கள் மாறி மாறி வந்த அந்தச் சின்னத் தீவை 1997இல் அங்கே குடியிருந்தவர்களே முன்னின்று, நன்கொடை திரட்டி, தங்கள் பொது அறக்கட்டளையின் பெயரில் வாங்கிவிட்டார்கள். இங்கிலீஷ் கால்வாயில் உள்ள சார்க் தீவில் 1565லிருந்து நீடித்த பிரபு ஆட்சியமைப்பு மாறி, முழுச் சபைக்கும் முதல் தேர்தல் நடந்தது 2008 டிசம்பரில்தான். புறா வளர்க்கும் உரிமைகூட அங்கே அதுவரை பிரபு ஒருவருக்கே இருந்து வந்திருந்தது. இவ்வளவு அண்மையில் நடந்தவை இவை என்பது எனக்கு நம்பிக்கை தருகிறது.

வெண்ணுரையில் என்ன நடக்கும் என்பதில் பாதியை மட்டும் சொல்கிறேன். தொட்டிக்கல்லை உடைக்கலாம் என்று இளையவர்கள் உளியோடு வருகிறார்கள். அதில் அறுநூறு ஆண்டு நின்றவள் தடுக்கிறாள். கல் அங்கேயே இருக்கட்டும், அதை வைக்கச் சொன்னவர் ஒருமுறை இறங்கி வந்து அதில் நிற்கட்டும் என்கிறாள். அவர் வருகிறார். செருப்பைக் கழற்றுகிறார். இடது பள்ளத்தின் ஆழத்தைப் பார்த்துவிட்டு, எந்தக் காலை முதலில் வைப்பது என்று அவளைக் கேட்கிறார். அவள் என்ன பதில் சொல்கிறாள் என்ற வரியை நான்கு முறை எழுதி நான்கு முறையும் அடித்துவிட்டேன். அது சரியாக வந்தபின்தான் அடுத்த பகுதி.